ஆறு முகங்கள், ஒரே ஒளி: ரெம்பிராண்டின் குழு ஓவியத்தை நகலெடுத்துத் தைல வண்ணம் கற்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1642இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ‘நைட் வாட்ச்’ என்ற குழு ஓவியத்தை 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்கு மாற்றியபோது, சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் முழு ஓவியம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அதை ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலத்தில் பலகையில் நகலெடுத்திருந்தார். 2021இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகம் விடுபட்ட பகுதிகளைக் கணினி உதவியுடன் மீட்டுருவாக்கியபோது, அந்தச் சிறு நகல்தான் ஆதாரமாக இருந்தது.

நகலெடுப்பதைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் ஐம்பது வயதைக் கடந்து, ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்ற பிறகு, 1628-29இல் மாட்ரிட்டில் உட்கார்ந்து இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஓவியங்களை நகலெடுத்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் 1793 முதலே நகலெடுப்போருக்கு அனுமதி உண்டு. கற்றுக்கொள்ள வேறு வழி தெரியாமல் அவர்கள் அதைச் செய்யவில்லை.

நகலெடுக்கும்போது நாம் தேட வேண்டியது மேற்பரப்பின் ஒற்றுமையை அல்ல, வரிசையை. எது முதலில் வைக்கப்பட்டது, அது காய்ந்த பிறகு மேலே எது வந்தது, எதை ஓவியர் வேண்டுமென்றே அரைகுறையாக விட்டார் என்பதை. ஒற்றை முகத்தை நகலெடுத்தால் இதில் பாதிதான் பிடிபடும். பல பேர் சேர்ந்திருக்கும் காட்சியில்தான், யாரை முன்னால் கொண்டுவருவது, யாரை நிழலுக்குள் தள்ளுவது என்ற முடிவுகள் ஒவ்வோர் அங்குலத்திலும் தெரியும்.

எந்த ஓவியம்?

குழு ஓவியம் என்றதும் நைட் வாட்சையே எடுக்கத் தோன்றும். வேண்டாம். முப்பதுக்கும் மேற்பட்ட உருவங்கள், ஈட்டிகள், துப்பாக்கிகள், கொடி, நாய் என்று எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அதே ரெம்பிராண்ட் இருபது ஆண்டுகள் கழித்து, 1662இல் வரைந்த ‘துணி வணிகர் சங்கத்தின் தர ஆய்வாளர்கள்’ நமக்குத் தோதானது. ஆறு பேர், ஒரு மேசை, ஒரு சிவப்புக் கம்பளம், மரப்பலகை அடித்த சுவர், அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமில் துணியை மாதிரித் துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தரத்துக்கு ஏற்ப ஈய முத்திரை பதித்த ஐந்து அதிகாரிகளும் அவர்களுடைய பணியாளர் ஒருவரும்தான் படத்தில் இருப்பவர்கள். சங்கத்தின் கட்டடமான ஸ்டால்ஹோஃபில் 1771 வரை மாட்டியிருந்த இந்த ஓவியம் இப்போது ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது.

கற்பவருக்கு இதில் நான்கு பாடங்கள் இருக்கின்றன. ஒரே ஒளியில் ஆறு வெவ்வேறு தோல் நிறங்கள். படத்தின் பெரும்பகுதியை நிறைக்கும் கறுப்பு உடை. வெள்ளைக் கழுத்துப்பட்டைகள். தடித்த வண்ணத்தில் எழுந்து நிற்கும் கம்பளம். வண்ணங்களும் குறைவு. நீலம் என்று தனியாக ஒரு குழாய் வாங்க வேண்டிய தேவைகூட இல்லை.

அளவும் பிரதியும்

மூல ஓவியம் 191.5 சென்டிமீட்டர் உயரம், 279 சென்டிமீட்டர் அகலம். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் 64 × 93 சென்டிமீட்டர் கிடைக்கும். வீட்டு ஈசலில் (ஓவியத்தை நிறுத்தும் தாங்கியில்) நிற்கும், முகங்களும் சுமார் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும். இதைவிடச் சிறிதாக்கினால் கண் இமை வரைய நுனித் தூரிகையைத் தேட வேண்டியிருக்கும். அப்போது நீங்கள் தைல வண்ணத்தை விட்டுவிட்டு நுண்ணோவியம் பழகிக்கொண்டிருப்பீர்கள். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் அளவுகளில் இந்த விகிதம் இருக்காது. சட்டம் செய்பவரிடம் அளவு சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். கிடைத்த கித்தானுக்கு (கேன்வாஸுக்கு) ஏற்ப ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வலதுபுறச் சுவரின் வெற்றிடத்தைக் குறைத்தாலே ஆறு பேரும் நெரிசலான பஸ்ஸில் ஏறியவர்களைப் போல் ஆகிவிடுவார்கள்.

ரைக்ஸ்மியூசியம் தன் சேகரிப்பின் உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அங்கிருந்தே பதிவிறக்குங்கள். மற்ற தளங்களில் இருப்பவை யாரோ நிறத்தைக் கூட்டியவை, கறுப்பைக் கெடுத்தவை. முழுப்படத்தை 36 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் அச்சுப்பிரதி எடுங்கள். கறுப்பு வெள்ளையில் இன்னொரு பிரதி எடுங்கள். இந்த இரண்டாவதுதான் முதல் ஒரு மாதத்துக்கு உங்கள் வழிகாட்டி. ஒவ்வொரு தலையையும் தனித்தனியாகப் பெரிதாக்கி டேப்லெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரையின் வெளிச்சத்தை நடுவாக அமைத்து, வேலை முடியும்வரை மாற்றாதீர்கள். திரை பின்னாலிருந்து ஒளிர்கிறது, கித்தானோ வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. அதனால் திரையில் தெரியும் நிழல் ஆழத்தைக் கித்தானில் எட்டவே முடியாது. சந்தேகம் வந்தால் அச்சுப்பிரதியை நம்புங்கள்.

பொருள்கள்

ரெம்பிராண்ட் தீட்டியது ஈய வெள்ளை, காவி மண் வகைகள், எலும்புக் கரி, வெர்மிலியன் என்ற செந்தூரச் சிவப்பு, ஈய-வெள்ளீய மஞ்சள், சாயத்திலிருந்து செய்த சிவப்பு ஆகியவற்றைக் கொண்டு. ஈயம் நஞ்சு. கற்பவர் அதைத் தொட வேண்டியதில்லை. டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் சியென்னா, ரா அம்பர், பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக், காட்மியம் ரெட், நிலைத்த வகை அலிசரின் கிரிம்சன் ஆகிய ஒன்பது குழாய்கள் போதும். தொடங்குபவர்கள் மாணவர் தரத்தில் வாங்கலாம். வெள்ளையை மட்டும் ஓவியர் தரத்தில் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் செலவாகும்.

டைட்டானியம் ஒயிட் ஈய வெள்ளையைவிடக் கூசும் வெள்ளை, மூடும் திறனும் அதிகம். வண்ணத்தட்டில் பிழிந்தவுடனேயே அதில் துளி யெல்லோ ஓக்கர் கலந்து, இளம் தந்த நிறமாக்கிக்கொள்ளுங்கள். முகத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற தோற்றம் வராமல் பாதி காப்பாற்றுவது இந்த ஒரு துளிதான்.

பன்றிமயிர்த் தூரிகைகளில் 2, 4, 6, 8 எண்கள், மென்மயிரில் இரண்டு, வண்ணம் கலக்க ஒரு பேலட் கத்தி, பழைய பருத்தித் துணி. ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் அல்லது மணமில்லாத மாற்றுக் கரைப்பான். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், தட்டுக்குப் பக்கத்தில் தின்பண்டம் வைக்காதீர்கள். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடுவது உண்மையிலேயே ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வது. அப்போது வெப்பம் வெளிப்படும். கசங்கிக் கிடக்கும் துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள்.

கித்தானுக்கு நிறம் ஏற்றுதல்

வெள்ளைக் கித்தானில் இந்தப் படத்தைத் தொடங்கவே கூடாது. வெள்ளையின் மேல் வைக்கும் எந்த நடுத்தர நிறமும் கறுப்பாகத் தெரியும். பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிறலாகத் தீட்டிவிடுவீர்கள். நைட் வாட்ச் தொடங்கி ரெம்பிராண்ட் தம்முடைய பல கித்தான்களுக்குக் களிமண்ணும் குவார்ட்ஸ் மணலும் கலந்த பழுப்புப் பூச்சைப் பயன்படுத்தினார். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய கித்தானில் ரா அம்பரும் யெல்லோ ஓக்கரும் கலந்த அக்ரிலிக் வண்ணத்தை நீர்த்துப் பூசினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒளிக்கும் நிழலுக்கும் நடுவில் நிற்கும் பழுப்பாக இருக்க வேண்டும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் ஒருபோதும் நிற்காது.

கோட்டுச் சித்திரம்

அச்சுப்பிரதியின் அகலத்தைப் பன்னிரண்டாகவும் உயரத்தை எட்டாகவும் பிரித்துக் கட்டம் போடுங்கள். கித்தானிலும் அப்படியே. கட்டங்கள் மிகச் சரியான சதுரமாக வராது. எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும். கரித்துண்டால் மெல்லிய கோடு. பென்சில் வேண்டாம், மேலே பூசும் வண்ணம் வயதாக வயதாகச் சற்று ஊடுருவித் தெரியத் தொடங்கும்போது பென்சில் கோடு வெளியே எட்டிப்பார்க்கும்.

கட்டம் போட்டுவிட்டால் கோடு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். கட்டம் இடத்தைச் சொல்லும், உறவைச் சொல்லாது. ரெம்பிராண்டுக்கு இருந்த சிக்கலை முதலில் பாருங்கள். மேசைக்குப் பின்னால் ஆண்களை வரிசையாக உட்காரவைத்தால் தலைகள் ஒரே கோட்டில் நிற்கும், பார்க்கச் சலிப்பாக இருக்கும். அவர் இடப்புறமிருந்து இரண்டாமவரைப் பாதி எழுந்த நிலையில் வைத்தார். எழுகிறாரா, அமர்கிறாரா என்று சொல்ல முடியாத நிலை. தொப்பிகளின் கோடு அங்கே மேலே எழும்பி, பின்பு இறங்கி, பின்னால் நிற்கும் பணியாளரின் தலையில் மீண்டும் எழும்புகிறது. அந்தப் பணியாளரை எங்கே நிறுத்துவது என்று அவர் படாத பாடு பட்டிருக்கிறார். ஊடுகதிர் (எக்ஸ்ரே) படங்களில் அந்த உருவத்தைப் பலமுறை இடம் மாற்றியது தெரிகிறது. இந்த ஓவியத்துக்காக அவர் வரைந்த ஆயத்தச் சித்திரங்களில் மூன்று இன்றும் எஞ்சியிருக்கின்றன.

அவையோர் யாரோ கேள்வி கேட்க, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று இந்த ஓவியத்துக்கு ஒரு கதை நெடுநாள் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கதை போனாலும் பார்வைகள் இருக்கின்றன. அதனால் முதலில் ஐந்து தொப்பி விளிம்புகளையும் ஒரே தொடர்கோடாக வரையுங்கள். பிறகு தொப்பிகளுக்கு இடையில் தெரியும் சுவரின் வடிவங்களை வரையுங்கள், மனிதர்களை அல்ல. இந்த வெற்று வடிவங்கள் சரியாக வந்தால் தலைகள் தாமாகவே சரியான இடத்தில் இருக்கும். அடுத்து, ஒவ்வொரு முகத்திலும் இரண்டு கண்களையும் இணைக்கும் கோட்டின் சாய்வை மட்டும் குறியுங்கள். ஆறும் ஆறு விதமாகச் சாயும்.

மேசையைக் கவனியுங்கள். மேற்பரப்பு ஏறக்குறையத் தெரியவே இல்லை. ஓவியம் உயரத்தில் மாட்டப்படும் என்று அறிந்து, கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் அமைத்திருக்கிறார். பழக்கதோஷத்தில் மேசையின் மேற்பரப்பைக் கொஞ்சம் காட்டிவிட்டால் ஆறு பேரும் முன்பக்கம் சரிவார்கள். கோடு முடிந்ததும் கித்தானையும் பிரதியையும் தலைகீழாக வைத்து ஒருநாள் விட்டுவிடுங்கள். மறுநாள் பிழைகள் தாமாகவே கண்ணில் படும். திருத்தியபின் நீர்த்த ரா அம்பரால் முக்கியக் கோடுகளை மட்டும் தூரிகையால் நிலைப்படுத்தி, கரியைத் தட்டிவிடுங்கள்.

அடி ஓவியம்

நெதர்லாந்து ஓவியர்கள் முழு வண்ணத்துக்கு முன்பு வைத்த மங்கலான முதல் அடுக்கை உயிரற்ற நிறம் என்றே அழைத்தார்கள். உயிர் பிறகுதான் வரும். இதற்கு ரா அம்பரும் டர்பன்டைனும் மட்டும். எண்ணெய் சேர்க்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கண்களைச் சுருக்கிப் பாருங்கள். மூன்று தொனிகளாக, அதாவது வெளிச்ச அளவுகளாக, உடைந்து தெரியும்: கறுப்பு உடைகளும் தொப்பிகளும் ஒரே இருட்டு, சுவரும் கம்பளத்தின் நிழல் பகுதியும் நடுத்தரம், முகம், கழுத்துப்பட்டை, கை, புத்தகம், கம்பளத்தின் வெளிச்ச மூலை ஆகியவை வெளிச்சம்.

இருட்டை மெல்லியதாகத் தேய்த்துப் பூசுங்கள். உடைகளுக்கு இடையில் எல்லைக்கோடு தேவையில்லை. ஒருவரின் தோள் முடிந்து அடுத்தவரின் கை தொடங்கும் இடம் மூலத்திலேயே பல இடங்களில் தெரியாது. கற்பவர்கள் அந்த இடங்களை ‘தெளிவாக்க’ முயலும்போது ஓவியம் செத்துப்போகிறது. வெளிச்சப் பகுதிகளில் பழுப்புத் தளத்தை அப்படியே விடுங்கள், அல்லது துணியால் துடைத்து எடுங்கள். ஈசலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஆறு பேர் ஒரே அறையில் இருப்பதாக இப்போதே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வண்ணத்துக்குப் போகாதீர்கள், எந்த வண்ணமும் அதைச் சரிசெய்யாது.

ஒரு வாரம் காயட்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் சில நாள் கூடுதலாகும். ஈரமான சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், கித்தானின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும்.

சுவர்

ரெம்பிராண்ட் பொதுவாகப் பின்னாலிருந்து முன்னோக்கி வேலை செய்தார். தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டி, முன்னால் இருப்பவருக்கு இடம் விட்டுவைத்து, பிறகு அவரைத் தீட்டும்போது விளிம்பு சுவரின் மேல் ஏறுமாறு செய்தார். நாமும் அப்படியே செய்வோம். சுவருக்கு யெல்லோ ஓக்கர், ரா அம்பர், கொஞ்சம் வெள்ளை. பலகைகளின் இணைப்புக் கோடுகளை அளவுகோல் வைத்துப் போடாதீர்கள். வலது மேற்புறத்தில் தீப்பந்தம் எரியும் கோபுரம் ஒன்று பலகையில் வரையப்பட்டிருப்பது மங்கலாகத் தெரியும். அதை ஒரு குறிப்பாக மட்டும் வையுங்கள். சுவரை ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

கறுப்பு

டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸிடம் இருபத்தேழு கறுப்புகள் இருந்தன என்று வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதினார். இந்தப் படத்துக்கு ஐந்து போதும், ஆனால் அந்த ஐந்தும் வேண்டும். ஐவரி பிளாக்கோடு பர்ன்ட் அம்பர் கலந்தால் வெதுவெதுப்பான ஆழ்ந்த கறுப்பு, இது நிழல் பக்கத்துக்கு. ஐவரி பிளாக்கோடு துளி வெள்ளை சேர்த்தால் நீலச் சாயல் கொண்ட சாம்பல் வரும், இது வெளிச்சம் படும் தோளுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று படிகளை வண்ணத்தட்டிலேயே கத்தியால் கலந்து வரிசையாக வைத்துக்கொண்டுதான் தூரிகையை எடுக்க வேண்டும்.

ஒளி, பார்ப்பவரின் இடப்புறத்திலிருந்து வருகிறது. ஆகவே ஒவ்வோர் உடையிலும் இடது தோளும் இடது கையின் மேல்மடிப்பும் சற்றே வெளிறலாக இருக்கும். அந்த வேறுபாடு மிகச் சிறியது. தனியாகப் பார்த்தால் இருப்பதே தெரியாது, இல்லாவிட்டால் மட்டும் தெரியும்.

கறுப்பில் செய்முறைச் சிக்கல் இரண்டு. எலும்புக் கரியான ஐவரி பிளாக் எண்ணெயை நிறையக் குடிக்கும், மெதுவாகக் காயும். அம்பரிலோ மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். நிறத்துக்காக நாம் சேர்க்கும் அம்பர் இங்கே உலர்த்தியாகவும் உதவுகிறது. இரண்டாவது, காய்ந்த கறுப்பு ஒளி இழந்து சாம்பல் பூத்தது போல் ஆகிவிடும். அதைப் பார்த்துப் பதறி மேலும் கறுப்பைப் பூசாதீர்கள். துளி ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து, மெல்லிய துணியால் தேய்த்து, மிச்சத்தை உடனே துடைத்தெடுங்கள். மூழ்கிப்போன ஆழம் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் அடுத்த அடுக்கைத் தீர்மானிக்க வேண்டும்.

இங்கிருந்து மேலே போகப் போக, ஒவ்வோர் அடுக்கிலும் முந்தையதைவிட எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். கீழே எண்ணெய் மிகுந்து மேலே குறைந்தால், மேலடுக்கு முதலில் காய்ந்து இறுகி, கீழடுக்கு பின்னால் அசையும்போது வெடிக்கும்.

முகங்கள்

எந்த முகத்தில் தொடங்குவது? எல்லோரும் நடுவில் இருக்கும் தலைவர் வில்லெம் வான் டூயென்பர்க்கிடம்தான் போவார்கள். அவரைக் கடைசிக்கு வையுங்கள். பின்னால் நிற்கும் பணியாளரில் தொடங்குங்கள். அகன்ற விளிம்புத் தொப்பி இல்லாதவர் அவர் ஒருவர்தான். அதனால் நெற்றியில் தொப்பி நிழல் என்ற சிக்கல் இல்லை. பின்வரிசை என்பதால் மாறுபாடும் குறைவு. ஓர் அமர்வுக்கு ஒரு தலை, ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும்.

அவர் முகத்துக்கு மூன்று கலவைகளைத் தயார் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு வெள்ளை, யெல்லோ ஓக்கர், துளி லைட் ரெட். நடுத்தொனிக்கு அதே கலவையில் ரா அம்பரும் ஊசிமுனை அளவு ஐவரி பிளாக்கும். நிழலுக்கு வெள்ளையே இல்லாமல் பர்ன்ட் சியென்னாவும் அம்பரும், எண்ணெயில் நீர்த்து. முதலில் நிழலை வையுங்கள்: கண்குழிகள், மூக்கின் வலப்பக்கம், கீழுதட்டின் அடி, வலது கன்னம். அடிநிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். அடுத்து நடுத்தொனி, தூரிகையைத் தட்டையாகப் பிடித்து. ஓக்கரும் கறுப்பும் வெள்ளையும் சேரும் இந்தக் கலவை தட்டில் அழுக்குப் பச்சையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். சிவந்த கன்னத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அது தாடையின் குளிர்ந்த சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்சம் கடைசியில், வண்ணத்தை நிறைய எடுத்து, ஒரே இழுப்பில். நெற்றி, மூக்கின் முதுகு, இடது கன்ன எலும்பு. வைத்த இடத்தை மறுபடி தடவாதீர்கள். இந்த ஓவியரிடம் நிழல் எப்போதும் மெல்லியது, வெளிச்சம் தடித்தது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் முகம் மேடுபள்ளமாகத் தெரிய வேண்டும்.

கண்ணைத் தனி உறுப்பாக வரைய வேண்டாம். மேலிமையின் நிழல் ஓர் அடர்ந்த வீச்சு, கீழிமையின் விளிம்பு ஒரு வெளிறிய தொடுகை, கருவிழி ஒரு மென்மையான புள்ளி. விழிவெண்படலம் வெள்ளை அல்ல. நடுத்தொனியைவிடச் சிறிதே வெளிறிய சாம்பல். அதை வெள்ளையாக்கினால் அறையிலுள்ள எல்லோரும் திடுக்கிட்டவர்களாக ஆகிவிடுவார்கள்.

மற்ற ஐவருக்கும் தொப்பி விளிம்பு நெற்றியின் மேல் நிழல் போடுகிறது. அந்த நிழலின் கீழ்விளிம்பு கூர்மையாக இருக்கக் கூடாது, உலர்ந்த மென்தூரிகையால் ஒருமுறை தடவுங்கள். இவர்களில் அறுபதைத் தாண்டிய முதியவரும் உண்டு, முப்பதுகளில் இருப்பவரும் உண்டு. ஒரே தோல் கலவையை ஆறு பேருக்கும் பூசிவிடும் சோம்பல் வரும்போது, ஒருவருக்கு லைட் ரெட்டைக் கூட்டுங்கள், இன்னொருவருக்கு ஓக்கரைக் கூட்டுங்கள். மூலத்தில் ஒவ்வொரு தலையையும் பெரிதாக்கிப் பார்த்தால் எது யாருக்கு என்று தெரியும்.

ஆறும் முடிந்தபின் வரும் வேலைதான் குழு ஓவியத்தின் உண்மையான பாடம். தனித்தனியாக நன்றாக வந்த தலைகள் சேர்ந்து பார்க்கும்போது ஒன்றோடொன்று போட்டி போடும். பின்னால் இருப்பவரின் வெளிச்சத்தை ஒரு படி தணியுங்கள். காய்ந்தபின் எண்ணெயில் நீர்த்த அம்பரை மெல்லப் பூசித் துடைத்தாலே போதும். ஓரங்களில் இருப்பவர்களின் தொப்பி விளிம்பைச் சுவருக்குள் கரையவிடுங்கள். ஓர் அமர்வு முழுவதும் எதையும் சேர்க்காமல் குறைப்பதிலேயே போகலாம்.

கழுத்துப்பட்டை, கை, புத்தகம்

வெள்ளைக் கழுத்துப்பட்டைகளைக் கறுப்பு உடை காய்ந்தபிறகு அதன் மேலேயே தீட்டுங்கள். தொண்ணூறு விழுக்காடு சாம்பல்தான் வேலை. வெள்ளை, ஓக்கர், கறுப்பு கலந்த இரண்டு சாம்பல்கள், பிறகு இடது விளிம்பில் மட்டும் தடித்த வெள்ளை. கைகளுக்கு முகத்தைவிடக் குறைந்த விவரம் போதும். தலைவரின் கை திறந்த புத்தகத்தின் மேல் இருக்கிறது, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் ஒரே வடிவமாகப் பாருங்கள். புத்தகத் தாள்களின் வெளிச்சம் கழுத்துப்பட்டைகளைவிடத் தணிந்திருக்கட்டும்.

கம்பளம்

படத்தின் ஒரே ஆடம்பரம் இது. பூவேலையை அப்படியே வரைய முயலாதீர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் மூலத்தில் பூவும் இல்லை கொடியும் இல்லை, திட்டுத்திட்டான வண்ணக் குவியல்கள்தான். இதை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் வெள்ளை, ஓக்கர், காட்மியம் ரெட் கலந்த தடித்த வண்ணத்தைக் கத்தியாலும் பன்றிமயிர்த் தூரிகையாலும் குத்திக் குத்தி, ஒளி படும் மூலையில் மேடாகவும் நிழல் பக்கத்தில் தட்டையாகவும் வையுங்கள். இறுதி நிறத்தைவிட வெளிறலாக, கொஞ்சம் அசட்டுத்தனமாகக்கூட இருக்கும். டைட்டானியம் மெதுவாகக் காயும் என்பதால் சீக்கிரம் காயவைக்கும் அல்கைட் மீடியம் சேர்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். நகத்தால் மெல்ல அழுத்தினால் பதியக் கூடாது.

பிறகு அலிசரின் கிரிம்சனில் துளி பர்ன்ட் சியென்னா, எண்ணெய், டர்பன்டைன் சேர்த்து, கண்ணாடி போல் ஊடுருவும் சிவப்பாக நீர்த்து, முழுக் கம்பளத்தின் மேலும் பூசுங்கள். உடனே துணியைப் பந்தாகச் சுருட்டி மேடுகளை மட்டும் துடையுங்கள். சிவப்பு பள்ளங்களில் தங்கும், மேடுகளில் கீழேயுள்ள பொன்னிறம் மின்னும். எந்தக் குழாயிலிருந்து நேராகப் பிழிந்தாலும் இந்தச் சிவப்பு கிடைக்காது. நிழல் பக்கத்துக்கு அம்பர் சேர்த்து இன்னொரு பூச்சு.

ஒப்பிடுதல்

கித்தானைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, மூலத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தோடு பக்கத்தில் வையுங்கள். தொனியில் பிழை இருந்தால் இங்கே தப்பாது. நிறத்தில் கொஞ்சம் விலகினால் விட்டுவிடலாம். ரெம்பிராண்டின் பிற்கால ஓவியங்களில் கலந்திருக்கும் ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடித்தூள் காலப்போக்கில் நிறம் இழந்து சாம்பல் பழுப்பாவது தெரிந்த விஷயம். முந்நூற்று அறுபது ஆண்டு மூப்பை உங்கள் வண்ணத்தட்டில் துல்லியமாகத் துரத்துவதில் பயனில்லை.

வார்னிஷும் பெயரும்

கம்பளம் போன்ற தடித்த பகுதிகள் இருப்பதால், வார்னிஷ் பூச ஓராண்டாவது பொறுங்கள். அதுவரை தூசு படியாமல், வெளிச்சம் வரும் இடத்தில் மாட்டுங்கள். எண்ணெய் ஓவியத்தைப் புதிதில் இருட்டில் வைத்தால் மஞ்சளிக்கும்.

மூலத்தில் கம்பளத்தின் மேல் ரெம்பிராண்டின் கையெழுத்து இருக்கிறது. அதை நகலெடுக்காதீர்கள். பழைய ஓவியத்தை வரைந்து பழகுவது படிப்பு, கையெழுத்தையும் சேர்த்து எழுதுவது வேறு தொழில். அருங்காட்சியகங்கள் நகலின் அளவு மூலத்திலிருந்து வேறுபட வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான். கித்தானின் பின்புறத்தில் ‘ரெம்பிராண்ட், 1662, நகல்’ என்று எழுதி, உங்கள் பெயரையும் ஆண்டையும், பயன்படுத்திய வண்ணங்களின் பெயர்களையும் குறித்துவையுங்கள். அடுத்த படத்துக்கு அந்த வண்ணப் பட்டியல் உதவும். அடுத்தது எது என்று கேட்டால், ஹார்லெம் நகரில் இருக்கும் பிரான்ஸ் ஹால்ஸின் முதியோர் இல்ல நிர்வாகிப் பெண்மணிகள். 1664ஆம் ஆண்டு ஓவியம் அது. அங்கேயும் கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும்தான், ஆனால் தூரிகை இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது.